நகராத சைக்கிள்

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்க ஒருவர் வருவார். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, சீட்டில் உட்கார்ந்து மிதிப்பார். பின்சக்கரம் அந்தரத்தில் சுழலும்; அதிலிருந்து போகும் பெல்ட், ஹேண்டில்பார் பக்கத்துச் சாணைக்கல்லைச் சுற்றும். அரிவாளின் விளிம்பு கல்லில் பட்டதும் பொறி பறக்கும், அவர் கால் கொஞ்சம் திணறும். அந்தத் திணறலை விலைக்கு வாங்கத்தான் இப்போது அரை மாதச் சம்பளமா, ஒன்றரை மாதமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டும் டிரெய்னர் என்பது அவ்வளவுதான்: சக்கரம் ஓடும், சைக்கிள் நகராது, மிதி மட்டும் கனக்கும்.

இது கொரோனா காலத்தில் முளைத்த சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. சார்லஸ் மர்ஃபி என்ற அமெரிக்கர் 1899இல், லாங் ஐலண்டில், ஓடும் ரயிலுக்குப் பின்னால் தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பரப்பிய பாதையில் ஒரு மைலைச் சைக்கிளில் 57.8 விநாடியில் கடந்தார். அதே வருஷம் உலகச் சாம்பியனானவர் கறுப்பினத்து வீரர் மேஜர் டெய்லர். இந்த இருவரையும் அடுத்த சில குளிர்காலங்களுக்குள் நாடக மேடையேற்றிவிட்டார்கள். உருளைகள்மேல் இரண்டு சைக்கிள். யார் எவ்வளவு தூரம் ‘போயிருக்கிறார்’ என்று காட்ட ஒரு பெரிய டயல். டிக்கெட் வாங்கி வந்த கூட்டம், இருந்த இடத்திலேயே நடக்கும் பந்தயத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டிருக்கிறது. டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக்கூடத்திலும் இதே மாதிரி ஏற்பாடுதான்: டயலுக்கு எதிரே இரண்டு நிலைச்சைக்கிள்.

மேடையேறிய அந்த மாதிரி உருளைகள் இன்றும் கிடைக்கின்றன. பழையது ஒன்றை வாங்கி ஏறினேன். மூன்று உருளை, பிடிமானம் எதுவும் கிடையாது, சமநிலை நம் பொறுப்பு. மூன்றாம் நாள் போன் அடித்ததும் தலையைத் திருப்பினேன். பீரோவில் போய் மோதினேன். பீரோ கதவு நசுங்கியதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

பின் அச்சைக் கவ்விப் பிடிக்கும் வகைக்கு மாறலாம் என்றால், மிதி எதனால் கனக்க வேண்டும் என்ற கேள்வி வருகிறது. 1970களில் சியாட்டிலின் ரேசர்மேட் நிறுவனம் விசிறியை மாட்டியது. காற்றின் கணக்கு பொல்லாதது: வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. சாலையில் உணர்வதும் இதுதான் என்பதால் விசிறி கொடுத்த கனம் நிஜம்போலவே இருந்தது. சத்தமும் நிஜமான புயல். காந்த வகை அவ்வளவு சத்தம் போடாது. உலோகத் தட்டுக்கு அருகே காந்தம் இருந்தால், சுற்றும் தட்டில் மின்சுழல் பிறந்து அதையே பிடித்து இழுக்கும். சின்ன வயதில் டைனமோவை டயர்மேல் சாய்த்ததும் மிதி கனக்குமே, அதற்குப் பங்காளி. எண்ணெய் வகையில் துடுப்பு ஒன்று மூடிய டப்பாவுக்குள் எண்ணெயைக் கலக்கும். விசிறியின் கனம் இருக்கும், இரைச்சல் குறைவு.

1980களிலேயே ரேசர்மேட், கம்ப்யூட்டரோடு இணைத்து மேடு வந்தால் தானே கனக்கும் டிரெய்னரைச் செய்துவிட்டது. 2012இல் வாஹூ கிக்கர் என்ற டிரெய்னர் வந்தது. பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு சங்கிலியை நேரே டிரெய்னரில் மாட்ட வேண்டும். இரண்டு வருஷத்தில் ஸ்விஃப்ட் என்ற செயலி வந்து, திரையில் தீவும் மலையும் வரைந்து கொடுத்தது. இதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று நான் முகம் சுளித்ததுண்டு. சைக்கிள் பந்தய வீரர் மேத்யூ ஹேமன் கதை என் வாயை அடைத்தது. 2016இல் பாரிஸ்-ரூபே பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு கை முறிந்தது. வீட்டுக் கேரேஜில் ஸ்விஃப்டில் மிதித்தார். 37 வயதில் போய், நான்கு முறை வென்ற டாம் பூனனைக் கடைசிக் கோட்டில் முந்தினார்.

எனக்கு ரூபேயும் இல்லை, கேரேஜும் இல்லை. இரண்டாவது மாடி ஹால், கீழ்வீட்டில் ஒன்பது மணிக்குப் படுத்துவிடும் மாமி. எண்ணெய் வகையைச் சொல்லிவிட்டேன், அடியில் போட கனமான ரப்பர் பாயோடு. பின்சக்கரத்துக்குப் பழைய டயர் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். டிரெய்னரின் உருளையில் டயர் தேய்ந்து கறுப்புத் தூள் கொட்டுமாம். பீரோவைப் பக்கத்து அறைக்குத் தள்ளியாயிற்று.