21,000 ரூபாய்க்கு அப்பால்: ஓசூர், கிருஷ்ணகிரி தொழிலாளர் குடும்பங்களும் மருத்துவக் காப்பீடும்

மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிடுவோர் பிரீமியத்தை ஒரு பக்கமும் காப்பீட்டுத் தொகையை மறுபக்கமும் எழுதிப் பார்ப்பது வழக்கம். ஓசூர் சிப்காட்டிலோ குருபரப்பள்ளியிலோ போச்சம்பள்ளியிலோ வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு பாதி வழிதான் வரும். அவருடைய சம்பளம் ஏறுகிறது, ஒப்பந்ததாரர் மாறுகிறார், பெற்றோர் சொந்த ஊரில் இருக்கிறார்கள், ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். ஆகவே எந்தத் திட்டம் எவ்வளவு தரும் என்று கேட்பதற்கு முன்பே, எது எங்கே அறுந்துபோகும் என்று கேட்டாக வேண்டும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யின் ஊதிய உச்சவரம்பான மாதம் 21,000 ரூபாய் என்ற கோட்டில்தான் இப்பகுதியில் பாதுகாப்பு அறுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டுவோருக்கு ஈ.எஸ்.ஐ.யில் தொடரும் உரிமை வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து, 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்த ஈ.எஸ்.ஐ.யைத் தொழிலாளர்கள் சம்பளத்தில் நடக்கும் ஒரு பிடித்தமாகவே பார்க்கிறார்கள். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகிறார்கள். 21,000 ரூபாய் வாங்குபவரிடம் 157 ரூபாய் 50 காசு பிடிக்கப்படுகிறது. நிறுவனத்தின் பங்கு 682 ரூபாய் 50 காசு. மொத்தம் மாதம் 840, ஆண்டுக்கு 10,080 ரூபாய். இதற்குக் கிடைப்பதைத் தனியார் பாலிசியோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. வேலையில் சேர்ந்த நாள் முதல் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. பழைய நோய் என்று ஒதுக்குவதில்லை. புறநோயாளியாகப் போனாலும் மருந்து தருகிறார்கள். உடம்பு முடியாமல் விடுப்பில் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கிறது. இப்படிச் சம்பள இழப்பை ஈடுசெய்யும் குடும்ப மருத்துவ பாலிசி சந்தையில் கிடைப்பது அரிது.

டிஸ்பென்சரியில் வரிசை நீளம், மருந்துக்கு அலைச்சல், பெரிய சிகிச்சைக்கு அங்கிருந்து இங்கே என்று அனுப்புவது ஆகிய குறைகள் உண்மையானவை. அவை நிர்வாகக் குறைகள். காப்பீட்டின் வடிவத்தில் உள்ள குறையல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சம்பளம் கோட்டைத் தாண்டியதும் பலர் நிம்மதி அடைகிறார்கள்.

யார் குடும்பம் என்பதிலும் திட்டங்கள் வேறுபடுகின்றன. மாத வருமானம் 9,000 ரூபாய்க்கு மிகாத பெற்றோரை ஈ.எஸ்.ஐ. சார்ந்தோராக ஏற்கிறது. ஆனால் ஓசூர் மின்னணு ஆலைகளில் விடுதியில் தங்கி உழைக்கும் திருமணமாகாத பெண், படித்துக்கொண்டிருக்கும் தம்பிக்குத் தன் சம்பளத்தை அனுப்பினாலும், பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை அவனைச் சேர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. யாருடைய உழைப்பில் ஒரு வீடு நிற்கிறதோ, அவரை வைத்துச் சட்டம் குடும்பத்தை வரையவில்லை.

மாநில அரசின் திட்டம் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது; 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த பின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது தகுதி. மாதக் கணக்கில் அது 10,000. 21,000 ரூபாயைத் தாண்டியதால் ஈ.எஸ்.ஐ.யை விட்டு வெளியேறுபவர் இந்தத் திட்டத்தின் வாசலைத் தாண்டி வெகுதூரம் வந்திருப்பார். தனிக் குடும்ப அட்டையோடு ஊத்தங்கரைப் பக்கமோ திருவண்ணாமலைப் பக்கமோ கிராமத்தில் இருக்கும் பெற்றோருக்கு இது பெரிய ஆதரவு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பொங்கலுக்குப் போகும்போதே பிள்ளைகள் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் சர்க்கரை நோய்க்கான மாத மருந்து இதில் வராது. மருத்துவமனையில் சேர்ந்து பெறும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் இது.

மூன்றாவது வழி தனியார் பாலிசி. ஃப்ளோட்டர் என்றால் ஒரே தொகையைக் குடும்பமே பகிர்ந்துகொள்வது. இளம் தம்பதிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது சிக்கனம். அறுபது கடந்த பெற்றோரையும் அதே பாலிசியில் சேர்ப்பது தவறு. மூத்தவரின் வயதை வைத்துப் பிரீமியம் ஏறும். அப்பாவின் இதயச் சிகிச்சைக்குத் தொகை தீர்ந்தால் அந்த ஆண்டு பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது. பெற்றோருக்குத் தனி பாலிசியே சரி.

காப்பீட்டுத் தொகையைக் காட்டிலும் அறை வாடகை வரம்பு முக்கியம். 2020 ஏப்ரலில் எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பொதுவாக வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியை எடுத்துக்கொள்வோம். அறைக்குக் காப்பீட்டுத் தொகையில் இரண்டு விழுக்காடு, அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். மூன்று லட்சம் ரூபாய் பாலிசி வைத்திருப்பவர் 8,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்குகிறார் என்று வையுங்கள். அறைக்கு 40,000, அறுவைச் சிகிச்சைக்கும் மருத்துவருக்கும் 80,000, மருந்துக்கு 40,000, பில் 1,60,000. அறைக்கு 25,000தான் ஏற்கப்படும். அதே விகிதத்தில் 80,000 ரூபாயும் 50,000 ஆகக் குறையும். மருந்துக்கு வெட்டு இல்லை. கூடிய 1,15,000 ரூபாயில் ஐந்து விழுக்காடு நம் பங்கு என்பதால் கடைசியில் வருவது 1,09,250. மூன்று லட்சம் பாலிசி கையில் இருந்தும் 50,750 ரூபாய் சொந்தப் பணம். ஓசூரைவிட அறை வாடகை கூடுதலாக இருக்கும் பெங்களூருவில் இந்த வெட்டு இன்னும் ஆழமாகப் பாயும்.

எல்லை குறுக்கிடுவதும் இங்கேதான். ஓசூரில் குடியிருந்து அத்திப்பள்ளியிலும் பொம்மசந்திராவிலும் வேலை பார்ப்போர் ஏராளம். ஈ.எஸ்.ஐ. மத்தியத் திட்டம் என்பதால் கர்நாடகத்தில் பதிவான தொழிலாளியின் குடும்பம் ஓசூரில் சிகிச்சை பெறலாம். மாநில அரசின் காப்பீட்டுத் திட்டத்துக்கு அந்தப் பரப்பு இல்லை. போக நினைக்கும் பெங்களூரு மருத்துவமனை அதன் பட்டியலில் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். விபத்துக்கு மட்டும் தமிழ்நாடு இந்த வேலியை அகற்றியிருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இனி அந்த 21,000. ஒருவரின் சம்பளம் ஜூலையில் 21,800 ஆகிறது. உடனே அவர் வெளியேறுவதில்லை. சந்தாக் காலம் முடியும் செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பயன்காலம் அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் 30 வரை. பிடித்தம் நின்ற பின்னும் ஒன்பது மாதம் சிகிச்சை உரிமை உண்டு என்பதைப் பலர் அறியாமலே இழக்கிறார்கள். ஓவர்டைம் பணத்தை அந்த வரம்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் பலருக்குத் தெரியாது.

பிடித்தம் நின்ற அன்றே அவர் தனியார் பாலிசி எடுத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதி அனுமதிக்கிறது. முப்பத்தாறில் ஒன்பது போக இருபத்தேழு மாதம், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள நாற்பது வயதுக்காரர் அவற்றால் வரும் சிக்கல்களுக்குக் காப்பின்றி நிற்பார். நிறுவனத்தின் குழுக் காப்பீடு இந்த இடைவெளியை நிரப்பலாம். வேலை போனால் அதுவும் போய்விடும். விலகும்போது காத்திருந்த காலத்தைக் கழித்துக்கொண்டு அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கும் வழி இருப்பதை நிறுவனங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கைக்கு வசதி இருந்தால் சம்பளம் 18,000 ரூபாயில் இருக்கும்போதே சிறிய ஃப்ளோட்டர் ஒன்றைத் தொடங்கிவிடுவது நல்லது. ஈ.எஸ்.ஐ. காக்கும் காலத்திலேயே காத்திருப்பும் கழிந்துவிடும். ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிச்சமில்லாத வீட்டிடம் இரண்டு காப்பீடு எடுக்கச் சொல்வது தீர்வாகாது.

உச்சவரம்பு 2006இல் 10,000, 2010இல் 15,000, 2017 ஜனவரியில் 21,000 என உயர்ந்து வந்தது. விலைவாசியோடு தானாக உயரும் ஏற்பாடு அதற்கு இல்லை. அந்த ஏற்பாடு வரும்வரை, கோட்டைத் தாண்டியவர் ஊதியத்தில் அதே நான்கு விழுக்காட்டைச் செலுத்தித் தொடர அனுமதிக்கலாம். நோயாளிகள் மட்டுமே தொடருவார்கள், நிதி தாங்காது என்பது எதிர்வாதம். சந்தாக் காலம் முடியும் ஒரே ஒரு தருணத்தில், இடைவெளி விடாமல் தேர்ந்துகொள்ள வேண்டும், பிறகு திரும்ப வர முடியாது என்று வைத்தால் அந்த அச்சம் பெரிதும் குறையும். முதலாளியின் பங்கும் தொடர்ந்தால் ஆரோக்கியமானவர்கள் விலகக் காரணம் இராது. உச்சவரம்பைத் தாண்டியதால் வெளியேறி, 30,000 ரூபாய் வரை ஊதியம் பெற்று ஓய்வுபெற்றவர்களுக்கு நிபந்தனைகளோடு மருத்துவ உதவி தர ஈ.எஸ்.ஐ. கழகம் 2024 பிப்ரவரியில் முடிவெடுத்தது. ஓய்வுபெற்றவருக்குப் பொருந்தும் அந்த நியாயம், 30,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்றும் ஷிப்டுக்குப் போகும் ஓசூர்த் தொழிலாளிக்கும் பொருந்தும். மாதம் 1,200 ரூபாய்க்கு மிகாத அந்தச் சந்தாவை அவரிடமும் அவருடைய நிறுவனத்திடமும் பெற்றுக்கொள்ளச் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும்.