அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின்னூர்தி மின்னேற்றக் கட்டணம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின்னூர்தி மின்னேற்றக் கட்டணம் என்பது, பலர் கூடி வாழும் குடியிருப்பின் நிறுத்துமிடத்தில் மின்சார மகிழுந்துக்கோ இருசக்கர ஊர்திக்கோ ஏற்றப்படும் மின்சாரத்தின் விலையை யார், எவ்வாறு செலுத்துவது என்னும் ஏற்பாட்டைக் குறிக்கும்.

சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் தனி வீடுகளில் இச்சிக்கல் எழுவதில்லை. வாசலில் உள்ள மின்செருகியும் அவ்வீட்டு மின்மானியையே சேர்ந்தது. அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில், நாவலூர், கேளம்பாக்கம் முதலிய இடங்களின் அடுக்ககங்களில் நிறுத்துமிடச் செருகி பெரும்பாலும் பொது மின்மானியுடன் இணைந்திருக்கும். மின்தூக்கி, நீரேற்றி, படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கான மின்மானியும் அதுவே.

மூன்று வழிகள்

முதலாவது, வீட்டு மின்மானியிலிருந்து நிறுத்துமிடம் வரை தனிக் கம்பி இழுப்பது. கணக்கில் ஐயத்துக்கு இடமில்லை. கம்பியின் நீளமும் அது பொதுச் சுவர்களைக் கடப்பதுமே தடைகள். இரண்டாவது, பொது மின்மானியின் கீழ் துணை மின்மானி பொருத்தி, பயன்படுத்தியவரிடம் சங்கம் பணம் பெறுவது. மூன்றாவது, மின்னேற்றத்துக்கெனத் தனி மின்னிணைப்பு பெறுவது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நடுவண் அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள் இதற்கு இடமளிக்கின்றன.

சங்கம் பணம் பெற்றால் அது மின்சார விற்பனை ஆகாதா என்ற ஐயம் முன்பு இருந்தது. மின்னேற்றம் ஒரு சேவையே, அதற்கு மின்சாரச் சட்டம் 2003இன் கீழ் உரிமம் தேவையில்லை என நடுவண் மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது.

கட்டண வேறுபாடு

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை, பயன்பாடு கூடக் கூட வீதமும் ஏறும் படிமுறையில் கணக்கிடப்படுகிறது. முதல் 100 அலகுகள் (யூனிட்) இலவசம். பொதுப் பயன்பாட்டுக்கு 2022 செப்டம்பரில் அலகுக்கு 8 ரூபாய் என ஒரே வீதம் வகுக்கப்பட்டது. ஆகவே எது மலிவு என்பது ஊர்தியைவிட வீட்டின் பழைய பயன்பாட்டையே பொறுத்தது.

2022 வீதங்களின்படி, இரு மாதங்களில் 200 அலகு செலவிடும் வீடு 225 ரூபாய் செலுத்தும். ஊர்திக்கென மேலும் 200 அலகு சேர்ந்தால் 1,125 ரூபாய். கூடுதல் அலகுக்கு 4.50 ரூபாய். முன்பே 400 அலகு செலவிடும் வீட்டில் அதே சேர்க்கை கட்டணத்தை 1,125இலிருந்து 2,750 ரூபாயாக்கும். அதாவது அலகுக்கு 8 ரூபாய்க்குச் சற்று மேல். குளிர்பதனி ஓடும் 700 அலகு வீட்டிலோ அது 9.50 ரூபாய். இவர்களுக்குப் பொது மின்மானியே மலிவு. 2024இல் வீதங்கள் உயர்ந்தன, படிமுறை மாறவில்லை. மின்தூக்கி இல்லாத, மூன்று மாடிக்கும் பத்து வீடுகளுக்கும் மிகாத குடியிருப்புகளுக்குப் பொது வீதம் 2023இல் 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டதால், அங்கு கணக்கு மேலும் மாறுபடும்.

பிணக்குகள்

துணை மின்மானி இல்லாத இடங்களில்தான் பிணக்கு மிகுதி. 20 வீடுகள் உள்ள கட்டடத்தில் ஒருவர் 200 அலகு ஏற்றினால், 8 ரூபாய் வீதத்தில் 1,600 ரூபாய் எல்லார் மீதும் விழும். வீட்டுக்கு 80 ரூபாய். ஊர்தி உரிமையாளரும் 80 ரூபாயே செலுத்துவார். சில சங்கங்கள் ஊர்திக்கு மாதம் இவ்வளவு என நிலையான தொகை வாங்குகின்றன. இது எளிது, ஆனால் குறைவாக ஓட்டுபவருக்கு நியாயமன்று. இருசக்கர ஊர்தியின் மின்கலம் பெரும்பாலும் 2 முதல் 4 அலகுகளே கொள்ளும். மகிழுந்துக்கோ 30 அலகும் அதற்கு மேலும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே தொகை பொருந்தாது. மின்வெட்டின்போது டீசல் மின்னாக்கியில் ஏற்றினால் செலவு இன்னும் கூடுதல் என்பதால், அவ்வேளையில் மின்னேற்றச் செருகியைத் துண்டிப்பதும் உண்டு.

கம்பித் திறன் மற்றொரு வரம்பு. 16 ஆம்பியர் செருகி ஒன்று ஏறத்தாழ 3.3 கிலோவாட் இழுக்கும். பத்து ஊர்திகள் ஒரே இரவில் ஏறினால் 33 கிலோவாட். பழைய கட்டடங்கள் இதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. புதிய கட்டடங்களில் நிறுத்துமிடத்தின் 20 விழுக்காட்டுக்கு மின்னேற்ற வசதி வேண்டும் என நடுவண் அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019இல் சேர்க்கப்பட்டது.

சிங்கப்பூரில்

தமிழர் பலர் அடுக்ககங்களில் வாழும் சிங்கப்பூரில், 2023 டிசம்பர் 8இல் நடைமுறைக்கு வந்த மின்னூர்தி மின்னேற்றச் சட்டத்தை ஒட்டி, தனியார் அடுக்ககங்களில் மின்னேற்றி அமைக்கத் தேவையான வாக்கு அளவு குறைக்கப்பட்டது. அதற்கு முன் 2021இல் தொடங்கிய மானியத் திட்டம், அடுக்ககங்களின் பொது மின்னேற்றிகளுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை அரசே ஏற்க வகை செய்தது.