214 கோடியும் 429 கோடியும்

214,74,83,647, 429,49,67,297. இரண்டும் பத்து இலக்க எண்கள். முதல் எண்ணை இரட்டித்து மூன்றைக் கூட்டினால் இரண்டாவது வந்துவிடும். இவ்வளவு நெருங்கிய உறவுள்ள இவற்றில் ஒன்று பகா எண். மற்றது பகு எண்.

பிறப்பிலும் இவை பங்காளிகளே. 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் முதல் எண். 32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் இரண்டாம் எண். இரண்டையும் பகா எண் என்று சொன்னவர்கள் 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள். முதல் எண்ணுக்குரிய 31, இப்படிப் பகா எண் தரும் அடுக்குகள் என்று மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் இருந்தது. இரண்டாம் எண்ணை நம்பியவர் ஃபெர்மா. அதற்கு முன், இரண்டுகளின் எண்ணிக்கை ஒன்றில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போகும் அதே வரிசையில் வரும் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருந்தன. ஆனால் இருவருமே நிரூபணம் தரவில்லை.

இரு வழக்குகளிலும் தீர்ப்புச் சொன்னவர் கணிதவியலாளர் ஆய்லர். ஃபெர்மாவின் எண் 641-ஆல் மீதியின்றி வகுபடுவதை 1732-இல் அறிவித்தார், ஈவு 67,00,417. அப்போது அவருக்கு வயது 25. அந்த எண்ணின் பகா வகுத்தி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பதை அவர் பின்னாளில் நிறுவினார். அதன்படி சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641 என்று வரும். நான்கு தோல்விகளுக்குப் பின் ஐந்தாவது எண்ணில் விடை கிடைத்துவிடுகிறது.

மெர்சென் எண்ணில் வேலை கடினம். அது பகா எண் என்பதை ஆய்லர் 1772-இல் அறிவித்தபோது, அவர் பார்வையை ஏறக்குறைய முழுதும் இழந்திருந்தார். அதன் பகா வகுத்தியை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வர வேண்டும். வர்க்கமூலமான 46,340 வரை அப்படிப்பட்ட எண்கள் 373 உண்டு. அவற்றுள் பகா எண்கள் ஒவ்வொன்றையும் சோதித்து விலக்கியாக வேண்டும். ஒன்றை விட்டாலும் நிரூபணம் நில்லாது.

இங்குதான் இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இருக்கிறது. பகு எண் என்று காட்ட ஒரு வகுத்தி போதும். பகா எண் என்று காட்ட, வகுத்தி ஆகக்கூடியவை அனைத்தையும் விலக்க வேண்டும். வகுத்தியின் வடிவத்தை முன்கூட்டியே அறிவது இரு வேலைகளையும் சுருக்கித் தருகிறது.

பின்னாளில் முதல் எண் கணினிக்குள் குடிபுகுந்தது. குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பு அதுவே. அதை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால், தன்னை விடுத்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாகும் நிறைவெண் ஒன்றும் கிடைக்கிறது.

மெர்செனின் எண் நிலைத்து ஃபெர்மாவின் எண் பொய்த்ததால், மெர்சென் ஃபெர்மாவை விடக் கூர்மையானவர் என்று முடிவுகட்ட முடியாது. மெர்செனின் பட்டியலில் இருந்த 67 பின்னர் பொய்த்தது. ஃபெர்மாவின் வரிசையிலோ, 65,537-க்குப் பிறகு ஒரு பகா எண்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. கணிதத்தில் ஐந்து எடுத்துக்காட்டுகள் சேர்ந்து ஒரு விதி ஆகிவிடாது; ஒரு மறுப்பு போதும், விதி விழுந்துவிடும்.