நீர்க்கடனும் கர்ண மோட்சமும்

உத்திரமேரூர்ப் பக்கத்துக் காவாந்தண்டலம் இருக்கும் செய்யாற்று வட்டாரம் கட்டைக்கூத்துச் சீமை. இங்கே கூத்து திரௌபதி அம்மன் திருவிழாவோடு நிற்பதில்லை. சாவு நேர்ந்த வீட்டிலும் காரியத்தை ஒட்டிய இரவில் கூத்து வைப்பதுண்டு. அப்போது பெரும்பாலும் ஆடப்படுவது பாரதக் கர்ணனின் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம். பாரதத்தில் சாவுக்கா பஞ்சம்? பீஷ்மரும் அபிமன்யுவும் இருக்கக் கர்ணன் எதற்கு? இறந்தவர் மோட்சம் அடைய வேண்டும் என்பது வழக்கமான விடை. அது பாதி விடைதான். மீதி குந்தியிடம் இருக்கிறது.

காஞ்சிப் பகுதியில் பாரதம் ஊர்ப் பொதுவில் ஒலித்ததற்குச் சான்று பழையது. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு (7ஆம் நூற்றாண்டு) அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிக்கப் பங்கு ஒதுக்குகிறது.

வியாச பாரதத்தில் கர்ணன் களத்தில் விழும்போது குந்தி அருகில் இல்லை. போர் முடிந்து கங்கைக் கரையில் மாண்டவர்களுக்கு நீர்க்கடன் செய்கையில்தான், கர்ணனுக்கும் நீர் இறையுங்கள், அவன் உங்கள் அண்ணன் என்று பாண்டவரிடம் சொல்கிறாள். ஸ்திரீ பர்வம் அத்துடன் முடிகிறது. ஏறத்தாழ 1400ஐ ஒட்டிய வில்லிபுத்தூராரோ பத்துப் பருவங்களோடு நிறுத்திக்கொண்டார். நீர்க்கடன் காட்சிக்கு அவர் போகவே இல்லை. அதற்கு ஈடாகக் குந்தியைக் களத்துக்கே வரவழைத்தார். நான் இறந்தால் மடியில் ஏந்தி, மகன் என்று உலகறியச் சொல் என்று கர்ணன் முன்பே வரம் கேட்டிருந்தான். பதினேழாம் நாள் அவள் ஓடிவந்து மடியில் ஏந்துகிறாள்.

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கர்ண மோட்சம் நாடகம் இந்தத் தமிழ்க் கிளையில் வளர்ந்தது. கட்டை எனும் மர அணிகளைக் கட்டி ஆடும் கர்ணனின் வீராப்பும், மனைவி பொன்னுருவியோடு அவன் நடத்தும் நெடிய தர்க்கமும், கட்டியக்காரன் கேலியும் இரவின் பெரும்பகுதியைத் தின்னும். சாவு வீட்டில் சிரிப்பா என்று வெளியூர்க்காரர் முகம் சுளிக்கலாம். உள்ளூரில் யாரும் சுளிப்பதில்லை. விடியலை நெருங்கும்போது முகவீணை இழைய, குந்தி ஒப்பாரியில் இறங்குகிறாள். மரபுப்படி அந்த வேடம் கட்டியவர் ஆண். எதிரே தரையில் அமர்ந்து கேட்பவர்களில் ஒப்பாரி தெரிந்த பெண்கள் பலர். உயிரோடு இருந்தபோது மகனை மகன் என்று சொல்லாத தாய் அழுகிறாள். இறந்தவரிடம் சொல்லாமல் விட்ட சொல் ஒன்றாவது எந்த வீட்டில் இல்லை?

வில்லி களத்துக்குக் கொண்டுபோன அந்த ஒப்புதலைக் கூத்து மீண்டும் நீர்க்கடன் நாளுக்கே கொண்டுவந்துவிட்டது. வியாசரைப் படித்து யாரும் இதைத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். காரியத்தின் தேவையே கதையை இழுத்து வந்தது என்பது என் கணிப்பு.

1990இல் பெ. ராஜகோபால் முதலிய கலைஞர்கள் கூடிக் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினர். 1998இல் கர்ண மோட்சத்துக்கு ஹன்னே எம். டி புருயின் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது. நாடகப் பிரதிக்கு இனிக் குறையில்லை. குந்தியின் ஒப்பாரியோ ஆடுபவருக்கு ஆடுபவர், இழவுக்கு இழவு மாறுகிறது. செய்யாற்றங்கரை ஊர்களில் அதைக் கேட்டு வளர்ந்த மாணவர்கள், வீட்டாரின் சம்மதத்தோடு, ஆளுக்கொரு இரவையாவது பதிவு செய்ய வேண்டும்.