மின் அட்டவணைப் பரிமாற்றம், நெய்வேலி

நெய்வேலி அனல்மின் நிலையங்களும், அவற்றின் மின்சாரத்தை வாங்கும் தென்மாநிலங்களும், பெங்களூரில் உள்ள தென்மண்டல மின்சுமை அனுப்புகை மையமும் (எஸ்.ஆர்.எல்.டி.சி.) அடுத்த நாளின் உற்பத்தியையும் பங்கீட்டையும் முடிவுசெய்துகொள்ளும் பணிமுறை. கணினித் துறையினர் சேவைசார் கட்டமைப்பு, பணிமுறை மேலாண்மை என்று அழைப்பவற்றின் இலக்கணம் பெரும்பாலும் இதற்குப் பொருந்தும். ஆனால் இதன் அடித்தளம் மென்பொருள் அன்று, கட்டண விதி. ஆகவே இதை அந்த வகையில் சேர்ப்பது விவாதத்துக்கு உரியது.

நெய்வேலியின் முதல் 50 மெகாவாட் யூனிட் 1962இல் இயங்கியது. 1970இல் 600 மெகாவாட்டை எட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் தமிழ்நாடு மின்வாரியத்துக்கே சென்றது.

1986 முதல் 1993 வரை ஏழு 210 மெகாவாட் யூனிட்டுகளுடன் இரண்டாம் அனல்மின் நிலையம் வளர்ந்தபோது, வாங்குவோர் பலராயினர். மாலையில் மாநிலங்கள் பங்குக்கு மேல் இழுத்தன. நள்ளிரவில் தேவை குறைந்த பிறகும் மின் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்கவில்லை. அளவு மீறியவருக்குக் கூடுதல் செலவும் இல்லை, குறைத்துக்கொண்டவருக்கு வரவும் இல்லை. 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் ஒரே நாளில் மிகவும் தாழ்ந்தும் உயர்ந்தும் ஆடியது.

இதைச் சீராக்க மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2000 ஜனவரி 4 அன்று பிறப்பித்த ஆணை, தென்மண்டலத்தில் 2003 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கிடைப்பளவு சார்ந்த கட்டணம் (ஏ.பி.டி.) எனப்பட்ட இம்முறையை உருவாக்கியதில் மின்துறைப் பொறியாளர் பானு பூஷணின் பங்கு முதன்மையானது. ஒரு நாள் 15 நிமிடக் கட்டங்களாக, மொத்தம் 96 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. கட்டணம் மூன்று கூறானது: நிலையம் தயாராக இருப்பதற்கு ஒன்று, அட்டவணைப்படி தரும் மின்சாரத்துக்கு ஒன்று, அட்டவணையிலிருந்து விலகியதற்கு ஒன்று. விலகலின் விலையை அதிர்வெண்ணே தீர்மானித்தது. தொடக்க விதிப்படி 50.5 ஹெர்ட்ஸுக்கு மேல் விலை பூஜ்யம். 49க்குக் கீழே போனால் கிலோவாட்-மணிக்கு 420 காசு.

இந்த ஏற்பாட்டின் நேர்த்தி தனித்துக் குறிப்பிடத் தக்கது. அதிர்வெண் மின்தொகுப்பு முழுவதும் ஏறக்குறைய ஒன்றே. நெய்வேலிக் கட்டுப்பாட்டு அறையின் மீட்டரில் தெரியும் எண்ணே மைசூர் வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கிலும் இருக்கும். விலையை யாரும் யாருக்கும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. மற்றவரின் உள்விவகாரம் அறியாமலே ஒவ்வொருவரும் தமக்குச் சரியானதைச் செய்ய முடிந்தது.

2010 மின்தொகுப்பு விதித்தொகுப்பின்படி, நிலையம் காலை 8 மணிக்குள் மறுநாள் எவ்வளவு தர இயலும் என்று அறிவித்தது. 10 மணிக்குள் ஒவ்வொரு மாநிலத்தின் பங்கும் தெரிவிக்கப்பட்டது. மாநிலங்கள் பிற்பகல் 3 மணிக்குள் தேவையைச் சொல்ல, மாலை 6 மணிக்கு அட்டவணை வந்தது. இரவு 11 மணிக்கு இறுதியானது. யூனிட் திடீரென நின்றுபோனபோது நான்காவது கட்டத்திலிருந்து திருத்தம் செல்லுபடியானது. சிறப்பு மீட்டர்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் அளவுகளைக் கொண்டு வாரக் கணக்கு முடிக்கப்பட்டது. இத்தகவல்கள் பின்னாளில் இணையவழி அட்டவணை மென்பொருளுக்கு மாறின.

மென்பொருள் உலகில் சேவைசார் கட்டமைப்பு என்ற பெயர் 1996இல் கார்ட்னர் நிறுவன ஆய்வுகளில் இடம்பெற்றது. பல சேவைகளைக் கோத்துப் பணிமுறை எழுதும் டபிள்யூ.எஸ்-பிபெல் 2.0 மொழி 2007இல் தரநிலையானது. தென்மண்டல ஏற்பாடு அதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது.

2003க்குப் பின் அதிர்வெண் சீரானதில் ஏ.பி.டி.க்குப் பெரும்பங்கு உண்டு என்பது பரவலான கருத்து. புதிய மின் நிலையங்கள் வந்ததும், 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மண்டலம் நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்ததும் எந்த அளவுக்கு உதவின என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம்.

2014இல் விலகல் கட்டணத்துக்குப் புதிய விதிகள் வந்தன. 2020இல் நிகழ்நேர மின்சந்தை தொடங்கியது. அவ்வாண்டே பழைய முதல் நிலையம் ஓய்வுபெற்றது. பகலில் சூரிய மின்சாரம் பெருகப் பெருக அனல் யூனிட்டுகளின் அட்டவணை குறைக்கப்படுகிறது. பழுப்பு நிலக்கரி ஏறக்குறைய பாதி ஈரம் கொண்டது, குவித்து வைத்தால் தானே தீப்பற்றக்கூடியது. அதனால் நெய்வேலியில் அட்டவணைக் குறைப்பு கொதிகலனோடு நிற்காமல் சுரங்கத்தின் வெட்டு இயந்திரம் வரை செல்கிறது.