குறுகிய பாதையும் சிற்றூர் நிலையமும்: நந்தி ஹால்ட்டின் வரலாறும் கட்டடக்கலையும்

முன்னுரை

தென்னிந்திய இருப்புப்பாதை வரலாறு பெரும்பாலும் பெருநகர நிலையங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1856இல் திறக்கப்பெற்ற இராயபுரம் நிலையமும் 1908இல் திறக்கப்பெற்ற எழும்பூர் நிலையமும் ஆய்வாளர்தம் கவனத்தை ஈர்த்த அளவிற்குச் சிற்றூர் நிலையங்கள் ஈர்க்கவில்லை. தூண்வரிசையும் கோபுரமும் இல்லாத கட்டடத்தில் ஆராய என்ன இருக்கின்றது என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். இவ்வெண்ணம் ஏற்கத்தக்கதன்று என்பதைப் பெங்களூருக்கு வடக்கே, யலகங்கா – சிக்கபள்ளாப்பூர் இருப்புப்பாதையில் அமைந்துள்ள நந்தி ஹால்ட் என்னும் நிலையத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. ஒரு நிலையத்தின் அளவையும் வடிவையும் அதன் பாதை எதற்காக, எவருடைய பணத்தில் போடப்பட்டது என்பதே முடிவு செய்கின்றது. இவ்வகையில் நந்தி ஹால்ட்டின் சிறுமையும் ஒரு வரலாற்றுச் சான்றாகின்றது.

பெயரைப் பற்றி ஒரு சொல். 'ஹால்ட்' என்பதைத் தமிழில் 'நிறுத்தம்' என்று பெயர்ப்பது இயல்பே. ஆயினும் இங்கு அச்சொல் ஊர்ப்பெயரோடு ஒட்டி இடப்பெயராகவே நிலைத்துவிட்டது. நந்தி என்றால் ஊர், நந்தி பெட்டா என்றால் மலை, நந்தி ஹால்ட் என்றால் நிலையம் என மூன்றும் மக்கள் வழக்கில் வேறு வேறாக உணரப்படுகின்றன. ஆதலின் இக்கட்டுரையில் அது பெயர்க்கப்படாமலே ஆளப்படுகின்றது.

மூன்று பாதைகள், மூன்று நோக்கங்கள்

பழைய மைசூர் நாட்டின் கிழக்குப் பகுதிக்கு மூன்று இருப்புப்பாதைகள் வெவ்வேறு காலத்தில் வந்தன. அவற்றை ஒருங்கே நோக்கினால்தான் நந்தி ஹால்ட்டின் இடம் விளங்கும்.

முதலாவது, சென்னை இரயில்வே நிறுவனம் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்ப் படைவீட்டிற்குப் போட்ட அகலப்பாதை. இது 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் திறக்கப்பெற்றது. படைவீட்டு நிலையத்தைப் பெங்களூர் மக்கள் இன்றும் 'தண்டு' நிலையம் என்றே வழங்குவர். தண்டு என்பது படை. அப்பாதையின் நோக்கத்தை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகின்றது. படையும் படைக்கு வேண்டிய பொருளும் சென்னைத் துறைமுகத்திலிருந்து விரைந்து வரவேண்டும் என்பதே அங்கு முதன்மை.

இரண்டாவது, அவ்வகலப்பாதையிலிருந்து பௌரிங்பேட்டையில் பிரிந்து மாரிக்குப்பம் வரை சென்ற கோலார் தங்கவயல் கிளை. இது 1894இல் இயங்கத் தொடங்கியது. பௌரிங்பேட்டை என்பது மைசூர் ஆணையராக விளங்கிய லூயின் பௌரிங் பெயரால் அமைந்தது. இன்றைய பங்காருப்பேட்டை அதுவே. இக்கிளையின் வழியே சுரங்கத்திற்கு இயந்திரங்கள் சென்றன. வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களும் சென்றனர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதையும், அவர் நடத்திய 'தமிழன்' இதழ் பின்னர் 1926 முதல் தங்கவயலிலிருந்து வெளிவந்ததையும் தமிழிதழியல் ஆய்வாளர் அறிவர். சென்னைக்கும் தங்கவயலுக்கும் இடையே இருந்த இத்தொடர்வண்டித் தொடர்பைக் கருதாமல் அவ்விதழியல் வரலாற்றை முழுமையாக எழுதவியலாது. இது தனியே விரித்து ஆராயத்தக்கது.

மூன்றாவதே நம் பொருளுக்குரியது. பௌரிங்பேட்டையிலிருந்து கோலாருக்கு 1913இல் ஒரு குறுகிய பாதை திறக்கப்பெற்றது. பின்னர் அது சீனிவாசபுரம், சிந்தாமணி, சிட்லகட்டா ஆகிய ஊர்கள் வழியாகச் சிக்கபள்ளாப்பூரை அடைந்தது. மறுமுனையில், யஸ்வந்த்பூரிலிருந்து யலகங்கா, தொட்டஜாலா, தேவனஹள்ளி, ஆவதிஹள்ளி, நந்தி ஹால்ட் வழியாகச் சிக்கபள்ளாப்பூர் வரை பெங்களூர் – சிக்கபள்ளாப்பூர் இலகு இரயில்வே என்னும் பங்கு நிறுவனம் 1915 முதல் கட்டங்கட்டமாகப் பாதை அமைத்தது. உள்ளூர் முதலும் மைசூர் அரசின் ஆதரவும் அந்நிறுவனத்திற்கு அடிப்படையாயின. திவானாக 1912 முதல் 1918 வரை விளங்கிய விசுவேசுவரய்யாவின் ஆட்சிக்காலம் அது. அவர் பிறந்த முத்தேனஹள்ளியும் நந்திமலைக்கு அண்மையில்தான் உள்ளது.

இப்பாதையால் படைக்கும் பயனில்லை, பொன்னுக்கும் பயனில்லை. பட்டுக்கூடும் தானியமும் காய்கறியும் சந்தைக்குச் செல்லும் உழவரும் வணிகருமே இதற்கு உரியவர். முதலீடு குறைவாதலின் பாதையின் அகலமும் குறைக்கப்பட்டது. அகலப்பாதையின் அளவு 1676 மில்லிமீட்டர். இதன் அளவு 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி. அகலம் குறைந்தால் வளைவுகளைக் குறுக்கலாம், மண்வேலை குறையும், தண்டவாளமும் பாலமும் இலேசாகும். இவ்விலேசான செலவிற்கு வேறொரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பௌரிங்பேட்டையில் சரக்கு முழுவதையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றவேண்டும். சுமைதூக்குவோரின் உழைப்பும் காலத்தாழ்வும் சேர்ந்து, குறுகிய பாதையின் சிக்கனத்தில் ஒரு பகுதியை விழுங்கின. பிற்காலத்தில் பாதையை மாற்றவேண்டும் என்னும் வாதத்திற்கு இதுவே முதற்காரணமாயிற்று.

பாதைக்கு முந்திய வழி

இருப்புப்பாதை புதிய நிலத்தில் ஓடவில்லை. யலகங்காவைச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இலைப்பாக்க நாடு என்கின்றன. கோலார் குவளாலம் எனப்பட்டது. அது நிகரிலி சோழ மண்டலத்தில் குவளால நாட்டைச் சார்ந்தது. ஆகவே யலகங்காவில் ஏறிக் கோலாரில் இறங்கிய பயணி, கல்வெட்டு வழக்கிற் சொன்னால், இலைப்பாக்க நாட்டிலிருந்து குவளால நாட்டிற்குச் சென்றவராவார். பி. எல். ரைசு பதிப்பித்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளுள் ஒன்பதாவது பெங்களூர் மாவட்டத்திற்கும் பத்தாவது கோலார் மாவட்டத்திற்கும் உரியன. இப்பாதை முதல் தொகுதியிற் புறப்பட்டு அடுத்த தொகுதியில் முடிகின்றது என்று வேடிக்கையாகக் கூறலாம்.

ஆவதிஹள்ளி நிலையத்திற்குப் பெயர் தந்த ஆவதி, மொரசு ஒக்கலிகர் தலைவர்களின் தொடக்க ஊர். அவர்தம் முன்னோர் காஞ்சிப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தோர் என்பது வாய்மொழி மரபு. தேவனஹள்ளிக் கோட்டையை எழுப்பியோரும் அம்மரபினரே. திப்பு சுல்தான் பிறந்ததும் அவ்வூரே. நந்தி ஊரில் உள்ள போகநந்தீசுவரர் கோயில் 9ஆம் நூற்றாண்டில் தோன்றிச் சோழர், ஒய்சளர், விசயநகரத்தார் காலங்களில் விரிவடைந்தது. மேலே மலைக்கோட்டை, அதனை 1791இல் கார்ன்வாலிசின் படை கைப்பற்றியது. காந்தியடிகள் உடல்நலம் தேறும் பொருட்டு 1927இலும் பின்னர் 1936இலும் தங்கிய மலையும் அதுவே. இத்துணை அடுக்குகளுக்கு நடுவே நூறாண்டைச் சற்றே கடந்த ஓர் ஓட்டுக்கட்டடம் கண்ணிற் படாமற் போவதில் வியப்பில்லை.

கட்டட அமைப்பு

நந்தி ஹால்ட்டும் அதனோடு தோன்றிய அண்டை நிலையங்களும் ஒற்றைத் தளத்தில் கல்லால் எழுப்பிச் சரிந்த ஓட்டுக்கூரை வேய்ந்த கட்டடங்கள். இப்பகுதியில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. கல் உடைக்கவும் அடுக்கவும் அறிந்த கைகளும் அருகிலேயே கிடைத்தன. கல்லும் சுண்ணாம்பும் உள்ளூர்ப் பொருள்கள். கூரை ஓடு மட்டும் மேற்குக் கடற்கரை தந்த வடிவம். பாசல் மிசன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய அவ்வோடு ஒன்றோடொன்று கௌவிக்கொள்ளும் தன்மையது. அடுக்கடுக்காக வேயப்படும் நாட்டோட்டைக் காட்டிலும் எடை குறைந்தது. மரச்சட்டத்தின் செலவையும் குறைப்பது. மீண்டும் சிக்கனமே வடிவத்தைத் தீர்மானிப்பதைக் காணமுடிகின்றது.

இவற்றை வீட்டமைப்போடு ஒப்பிடுதல் பொருந்தும். சரிந்த கூரையின் நிழலில் காத்திருத்தல் என்பது திண்ணையில் அமர்ந்து காத்திருந்த மக்களுக்குப் பழகிய செயலே. சந்தைக்கூடையை இறக்கிவைத்து அமரவும் மழைக்கு ஒதுங்கவும் பயணச்சீட்டு வாங்கவும் இடம் இருந்தாற் போதும். எழும்பூர் நிலையம் காண்போரை வியக்கவைக்க எழுந்தது. நந்தி ஹால்ட்டின் கூரை காத்திருப்போருக்கு நிழல் தர எழுந்தது. முன்னதன் அளவுகோலைக் கொண்டு பின்னதை அளந்து 'கலையில்லை' என்று கூறுதல், பேரிலக்கிய இலக்கணத்தைக் கொண்டு நாட்டார் பாடலை அளப்பதை ஒக்கும்.

பட்டியலும் சட்டமும்

மைசூர் அரசின் இருப்புப்பாதைகள் விடுதலைக்குப்பின் இந்திய இரயில்வேயிற் கலந்து, 1951இல் தென்னக இரயில்வேயின் பகுதியாயின. 2003இல் தென்மேற்கு இரயில்வே தோன்றியபின் இப்பகுதி அதன்கீழ் வந்தது. குறுகிய பாதை 1990களில் படிப்படியாக அகலப்பாதையாக மாற்றப்பெற்றது. கோலார் – சிக்கபள்ளாப்பூர்ப் பகுதி மட்டும் நெடுங்காலம் எஞ்சி, 2013 நவம்பரில் அகலப்பாதையாகத் திறக்கப்பெற்றது.

இம்மாற்றத்தின்போது பழைய நிலையக் கட்டடங்களைக் காக்கச் சட்டம் எதுவும் துணைநிற்கவில்லை. 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் நூறாண்டிற்குக் குறையாத தொன்மையை வேண்டுகின்றது. 1990களில் இக்கட்டடங்களுக்கு எண்பது வயதளவே. அவை நூறு வயதை எட்டியபோது அவற்றின் பாதையே மாறியிருந்தது. இன்டாக் எனப்படும் இந்தியக் கலை, பண்பாட்டு மரபறக்கட்டளை 1984 முதல் உருவாக்கிவரும் மரபுக் கட்டடப் பட்டியல்கள் மதிப்புடையனவே; எனினும் அவற்றுக்குச் சட்ட வலு இல்லை. பட்டியலில் இடம்பெறுதல் வேறு, காக்கப்படுதல் வேறு. இவ்வேறுபாடு நம்மிடையே போதிய அளவு உணரப்படவில்லை.

அவ்வமைப்பின் பெங்களூர்ப் பிரிவு தொட்டஜாலா, தேவனஹள்ளி, ஆவதிஹள்ளி, நந்தி ஹால்ட் ஆகிய நான்கு நிலையங்களையும் சீரமைக்கும் பணியை இரயில்வேயின் இசைவோடு மேற்கொண்டது பாராட்டிற்குரியது. கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவருக்குச் சிமென்ட்டுப் பூச்சு பகை. அது ஈரத்தை உள்ளே அடைத்துச் சுவரை அரிக்கும். பழுதை அதே பொருளால் திருத்துவதே மரபுச் சீரமைப்பின் அடிப்படை. ஆயினும் சீரமைக்கப்பெற்ற கட்டடத்தைக் காட்சிக்கூடமாகவோ சிற்றுண்டிச் சாலையாகவோ மட்டும் ஆக்கினால் போதுமா என்னும் வினா எழுகின்றது. வண்டி நிற்காத நிலையத்தில் கட்டடம் மிஞ்சும், நிலையம் மிஞ்சாது. இவ்வழி மின்மயமாக்கப்பட்டு 2022 டிசம்பரில் நந்தி ஹால்ட்டிற்கு மின்தொடர் வண்டிகள் இயக்கப்பெற்றமை, அவ்வகையில் சீரமைப்பிற்கு இணையான மரபுக்காப்பு என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இனி வரும் இடர் வேறுவகையானது. பெங்களூர்ப் புறநகர் இரயில் திட்டத்தின் 'சம்பிகே' வழித்தடம் நகர மைய நிலையத்திலிருந்து தேவனஹள்ளி வரை திட்டமிடப்பட்டுள்ளது. கூடுதல் தண்டவாளத்திற்கும் உயர்ந்த நடைமேடைக்கும் இடம் வேண்டும். நடைமேடை உயரும்போது பழைய கட்டடம் பள்ளத்தில் அமிழ்ந்ததுபோல் ஆகின்றது, வாயிற்படி மறைகின்றது, மழைநீர் சுவரடியில் தேங்குகின்றது. 2017இல் பெங்களூர் – மைசூர்த் தடத்திற்காகத் திப்புவின் ஆயுதக்கிடங்கு ஏறத்தாழ நூறு மீட்டர் தொலைவிற்கு முழுமையாகவே பெயர்த்து நகர்த்தப்பட்டது. அது ஆயுதக்கிடங்காதலின் நூறு மீட்டர் தள்ளி நின்றாலும் அதன் பொருள் பெரிதும் கெடவில்லை. தண்டவாளத்தை நோக்கித் திறக்கும் கட்டடத்திற்கு இவ்வழி பொருந்தாது. எனவே தேவனஹள்ளி, தொட்டஜாலா நிலையங்களின் தரைப்படமும் சுவரளவும் கூரைச்சட்ட அமைப்பும் பணி தொடங்குமுன் வரைந்து வைக்கப்பெறுதல் வேண்டும். குறுகிய பாதையில் பணியாற்றியோரும் பங்காருப்பேட்டையில் சரக்கு மாற்றியோரும் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் கூறும் செய்திகளைப் பதிவுசெய்யும் பணியைப் பெங்களூர்த் தமிழ் ஆய்வு மாணவர்களும் ஏற்கலாம். அவர்களுள் பலர் எண்பது வயதைக் கடந்தவர்.