குற்றப் புலனாய்வில் வலைப்பின்னல் பகுப்பாய்வு

ஒரு குற்றத்தோடு தொடர்புடையோராகக் கருதப்படுவோரைப் புள்ளிகளாகவும், அவர்களுக்கிடையே நிகழ்ந்த தொலைபேசி அழைப்பு, பணமாற்றம், சந்திப்பு முதலியவற்றைக் கோடுகளாகவும் வரைந்து, அவற்றுள் எப்புள்ளி எத்துணை முதன்மையானது என்பதைக் கணக்கிட்டறியும் முறை வலைப்பின்னல் பகுப்பாய்வு எனப்படும். கோனிக்ஸ்பெர்க் நகரின் 7 பாலங்களைப் பற்றி ஆய்லர் 1735இல் அளித்த தீர்விலிருந்து கிளைத்த கோட்டுருவியலே இதன் அடிப்படை. மனித உறவுகளை இவ்வாறு வரையும் வழக்கத்தை ஜேக்கப் மொரினோ 1930களில் பரப்பினார்.

ஒருவருக்கு எத்தனை பேரோடு நேரடித் தொடர்பு உண்டு என்பதைக் காட்டும் எளிய அளவையைவிட, பிறரை இணைக்கும் மிகக் குறுகிய வழிகளுள் எத்தனை அவர் வழியே செல்கின்றன என்பதைக் காட்டும் ‘இடைமை’ என்னும் அளவையே புலனாய்வுக்குப் பெரிதும் உதவுகிறது. இதை லின்டன் ஃப்ரீமன் 1977இல் வரையறுத்தார். நீலகிரியின் குந்தா வட்டத்தில் கிண்ணக்கொரை, கோரகுந்தா, கெத்தைப் பக்கத்துச் சாலைகள் மஞ்சூரில் கூடி உதகையை நோக்கிச் செல்வதால், அச்சிற்றூரில் வழி அடைபட்டால் மலையின் அப்பகுதி உதகையிலிருந்து பெரிதும் துண்டிக்கப்படும். குற்றக் கும்பலிலும் பெயர் வெளியே தெரியாத இடையாள் பலமுறை இத்தகைய மஞ்சூராகவே இருக்கிறார்.

மால்கம் ஸ்பாரோ 1991இல் இம்முறையைக் காவல்துறைக்குப் பரிந்துரைத்தபோதே, குற்ற வலைப்பின்னலைப் பற்றிய தரவு எப்போதும் குறையுடையது, அதன் எல்லை தெளிவற்றது, அது நாளும் மாறுவது என எச்சரித்தார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வால்டிஸ் கிரெப்ஸ் நாளிதழ்ச் செய்திகளைக் கொண்டே 19 விமானக் கடத்தல்காரர்களின் தொடர்புகளை வரைந்தார். இந்தியாவில் 2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலைச் சரிதா ஆசாத், அரவிந்த் குப்தா ஆகியோர் 2011இல் இம்முறையில் ஆராய்ந்தனர்.

தொடர்பு வேறு, குற்றம் வேறு என்பதைத் தமிழ்நாட்டு வழக்கொன்று கணிதத்தின் துணையின்றியே நிறுவியிருந்தது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த ராஜீவ் காந்தி கொலையில், தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நீதிமன்றம் 1998 ஜனவரியில் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத்தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்சநீதிமன்றம் நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள்தண்டனையாகக் குறைத்து, எஞ்சிய 19 பேரைக் கொலைச்சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சதிகாரருடன் பழகியதும் சதியை அறிந்திருந்ததும் மட்டும் சதிக்கு உடன்பட்டதாகாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. வரைபடத்திலோ சதிக்கு உடன்பட்டவரும் வெறுமனே பழகியவரும் ஒரே வகைக் கோட்டால் இணைக்கப்பட்டிருப்பர்.

கைப்பேசிக் கோபுரப் பதிவுகளைப் பயன்படுத்தும் இக்காலத்தில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. கோபுரங்கள் குறைவான குந்தா போன்ற மலைப்பகுதியில் ஒன்றன் எல்லைக்குள் பல தேயிலைத் தோட்டங்களும் ஊர்களும் அடங்கிவிடக்கூடுமாதலால், ஒரே கோபுரத்தில் பதிவான இருவர் ஒருவரையொருவர் பார்த்தேயிராதவர்களாகவும் இருக்கலாம்.